உயிரின் கட்டளைகள் – 6: பழைய புரதமா, புதிய புரதமா?

பீட்டா-காலக்டோசிடேஸ் பாற்சர்க்கரையைப் பிளக்கும் நொதி. லாக்டோஸ் எனப்படும் பாற்சர்க்கரையில் குளுக்கோஸ், காலக்டோஸ் என்ற இரண்டு எளிய சர்க்கரைகள் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை நீர் மூலக்கூறு ஒன்றின் துணையோடு இந்த நொதி அறுக்கிறது. அறுத்த பிறகே ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவால் லாக்டோஸை உணவாகக் கொள்ள முடியும்.

சென்ற பகுதியில் 1941-ஆம் ஆண்டின் பாரிஸைப் பார்த்தோம். ஜெர்மானியப் படைகள் நகரைப் பிடித்திருந்த அந்த நாட்களில், சார்போனில் ழாக் மோனோ என்ற இளம் ஆய்வாளர் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சர்க்கரைகளைக் கலந்து கொடுத்தார். அவை குளுக்கோஸை முதலில் தின்று தீர்த்தன. சிறிது நேரம் வளர்ச்சியின்றி நின்றன. பிறகு அடுத்த சர்க்கரையைத் தின்று மீண்டும் வளர்ந்தன. இந்த இடைவெளிக்கு நொதித் தகவமைவு, அதாவது கிடைக்கும் உணவுக்கேற்ப நொதி தோன்றுவது, காரணமாக இருக்கலாம் என்று பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆந்த்ரே லுவோஃப் சுட்டிக்காட்டினார்.

போர் முடிந்தது. எதிர்ப்பு இயக்கத்தில் போராடிய மோனோ, லுவோஃபின் ஆய்வகத்தில் சேர்ந்தார். பாஸ்டர் நிறுவனக் கட்டடத்தின் மேல்மாடத்தில் இருந்த அந்த ஆய்வகத்தில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது: லாக்டோஸ் இல்லாமல் வளர்ந்த பாக்டீரியாவில் இந்த நொதி இருப்பதே அரிது. லாக்டோஸைச் சேர்த்தால் சில நிமிடங்களில் நொதி தோன்றத் தொடங்குகிறது; முடிவில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெருகுகிறது. இத்தனை நொதி எங்கிருந்து வந்தது?

*

இரண்டு விடைகள்

நொதிகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் 1930-இல் தொடங்கியது. உணவு எதுவானாலும் உயிரணுவில் எப்போதும் இருப்பவை ஒரு வகை. உரிய உணவு கிடைத்தால் மட்டும் தோன்றுபவை மற்றொரு வகை. பின்லாந்தின் ஹென்னிங் கார்ஸ்ட்ரோம் வகுத்த பிரிவு இது. இரண்டாம் வகை நொதி எப்படித் தோன்றுகிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

1938-இல் ஜான் யுட்கின் ஒரு விளக்கம் தந்தார். நொதியின் முன்னோடி உயிரணுவில் ஏற்கெனவே இருக்கிறது. முன்னோடியும் நொதியும் ஒரு சமநிலையில் நிற்கின்றன. சர்க்கரை வந்து நொதியோடு சேர்ந்ததும் சமநிலை சாய்கிறது. மேலும் மேலும் முன்னோடி நொதியாக மாறுகிறது. இந்த விளக்கத்தின்படி புதிதாக எதுவும் உருவாவதில்லை. இருந்த புரதம் உருமாறுகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கருத்துக்கு வலுவான துணை வேறொரு துறையிலிருந்து கிடைத்தது. நோய்க்கிருமி உடலில் நுழைந்ததும் அதற்கென்றே பொருந்தும் எதிர்ப்பொருள் உருவாவது ஏன்? 1940-இல் லைனஸ் பாலிங் இதற்கு விடை சொன்னார். அச்சில் ஊற்றிய பாகு அச்சுவெல்லமாக இறுகுவதுபோல, புரதச் சங்கிலி அந்நியப் பொருளின் மேல் படிந்து அதன் வடிவுக்கேற்ப மடிகிறது என்றார் அவர். அப்படியானால் லாக்டோஸும் தன்னை வெட்டும் நொதிக்குத் தானே அச்சாக இருக்கலாம் அல்லவா? பலருக்கும் இது இயல்பான முடிவாகப் பட்டது.

மறுபக்கத்தில் நின்ற விடை எளிமையானது, ஆனால் நிறுவக் கடினமானது. நொதி முழுவதும் புதிதாக, அமினோ அமிலம் அமினோ அமிலமாகக் கட்டப்படுகிறது. சர்க்கரை அதன் வடிவத்தைத் தீர்மானிப்பதில்லை; கட்டும் வேலையைத் தொடங்கி மட்டும் வைக்கிறது.

இந்த விவாதம் ஆய்வகச் சுவர்களுக்குள் அடங்கவில்லை. சூழல் உயிரை நேரடியாக வடிவமைக்கிறது, அந்த மாற்றம் சந்ததிக்கும் போகிறது என்று சோவியத் நாட்டில் லைசென்கோ முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1948 செப்டம்பரில் ‘கோம்பா’ நாளிதழில் மோனோ லைசென்கோவைக் கடுமையாகச் சாடி எழுதினார். ‘தகவமைவு’ என்ற சொல்லே அவருக்கு உறுத்தலாக இருந்தது. சூழல் புரதத்தை வடிக்கிறதா, மரபணு வடிக்கிறதா என்பதை ஒரு நொதியை வைத்தே சோதித்துவிட முடியும் என்ற நிலை உருவாகியிருந்தது.

அதற்கு இரண்டு கருவிகள் வேண்டும். நொதியை விரைவாகவும் துல்லியமாகவும் அளக்க ஒரு வழி. கலப்படமில்லாத தூய நொதி. 1950 வரை இரண்டுமே கைவசம் இல்லை.

*

மஞ்சள் நிறம்

முதல் கருவி அமெரிக்காவின் மேடிசன் நகரில் பிறந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோஷுவா லெடர்பெர்க்குக்கு அப்போது 25 வயது. லாக்டோஸைப் பயன்படுத்த முடியாத ஈ. கோலை திரிபுகளை அவர் ஆராய்ந்துவந்தார். நொதியை அளக்க வேண்டுமானால், லாக்டோஸ் உடைந்து வெளியாகும் சர்க்கரையை அளக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை அது. உயிரணுச் சாற்றில் இருக்கும் மற்றப் பொருட்களும் குறுக்கே வரும்.

மாற்று ஏற்பாடு வேதியியலிலிருந்து வந்தது. நொதி பிடித்துக்கொள்வது லாக்டோஸின் காலக்டோஸ் பாதியை. மறுபாதியில் குளுக்கோஸ்தான் இருக்க வேண்டும் என்ற கண்டிப்பு அதற்கு இல்லை. எனவே குளுக்கோஸின் இடத்தில் ஒரு நிறமிப் பொருளைப் பொருத்தினால், நொதி அறுக்கும் ஒவ்வொரு முறையும் நிறம் வெளிவரும்.

அதே பல்கலைக்கழகத்தில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் டைக்குமராலைக் கண்டறிந்து புகழ்பெற்ற கார்ல் பால் லிங்கின் ஆய்வகம் இருந்தது. அங்கே ஆர்த்தோ-நைட்ரோஃபீனைல் காலக்டோசைடு என்ற சேர்மம் தயாரானது. ஆய்வாளர்கள் இதைச் சுருக்கமாக ஓஎன்பிஜி என்பார்கள்.

சோதனை இப்படி நடக்கும். நொதி உள்ள கரைசலில் நிறமற்ற ஓஎன்பிஜியைச் சேர்ப்பார்கள். நொதி அறுக்க அறுக்க ஆர்த்தோ-நைட்ரோஃபீனால் சேரும். கரைசல் மெல்ல மஞ்சளாகும். குறித்த நிமிடத்தில் சோடியம் கார்பனேட் கரைசலை ஊற்றுவார்கள். அதன் காரத்தன்மை இரண்டு வேலைகளைச் செய்யும்: நொதியை அங்கேயே நிறுத்தும், மஞ்சள் நிறத்தை முழுமையாகத் துலங்க வைக்கும். பிறகு 420 நானோமீட்டர் அலைநீள ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று பார்த்தால் போதும்.

சில நிமிடங்களில் முடியும் சோதனை. ஒரே நாளில் டஜன் கணக்கான குழாய்களை அளக்கலாம். 1950-இல் லெடர்பெர்க் இந்த முறையை வெளியிட்டார். பாரிஸ் குழு அதை உடனே தன்னுடையதாக்கிக்கொண்டது. இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் இந்த நொதி இதே மஞ்சள் நிறத்தைக் கொண்டே அளக்கப்படுகிறது.

*

தூய்மைப்படுத்தும் கலை

இரண்டாவது கருவியைப் பாரிஸே உருவாக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்குப் பொருத்தமான ஆள் 1940-களின் இறுதியில் வந்து சேர்ந்தார். மெல்வின் கோன், அமெரிக்கர். எதிர்ப்பொருள் ஆய்வில் பயின்றவர். புரதத்தை எப்படிப் பிரிப்பது, அது தூய்மையாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது என்பதில் கைதேர்ந்தவர்.

ஒரு பாக்டீரியாவில் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் உண்டு. அவற்றிலிருந்து ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். அக்காலத்து முறையின் அடிப்படை எளிமையானதே. தூண்டப்பட்ட பாக்டீரியாக்களைச் சுழற்சி எந்திரத்தில் இட்டு வண்டலாகச் சேர்க்க வேண்டும், கழுவ வேண்டும், அணுச்சுவரை உடைத்துச் சாற்றை எடுக்க வேண்டும். சாற்றை வழவழப்பாக்கும் நியூக்ளிக் அமிலங்களை நீக்க வேண்டும். மிச்சமிருக்கும் புரதக் கலவையில் அம்மோனியம் சல்ஃபேட் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

உப்பு ஏற ஏற, புரதங்களைக் கரைசலில் தாங்கிப் பிடிக்கும் நீர் குறைகிறது. ஒவ்வொரு புரதமும் தனக்கே உரிய ஓர் உப்பு அளவில் வெண்மையாகத் திரிந்து படிகிறது. பீட்டா-காலக்டோசிடேஸ் உப்பு நிறைவுநிலையின் பாதியை எட்டும் முன்பே படிந்துவிடும். அந்த வீழ்படிவை மட்டும் பிரித்து, மீண்டும் கரைத்து, சவ்வுப் பையில் இட்டு உப்பை நீக்கி, மறுபடியும் அதே வேலையைச் செய்ய வேண்டும். எல்லாம் குளிரில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் நொதி செயலிழந்துவிடும்.

ஒவ்வொரு படியிலும் இரண்டு எண்களைக் குறித்துவைப்பார்கள். ஒன்று, மஞ்சள் நிறம் காட்டும் நொதிச் செயல்பாடு. மற்றொன்று, மொத்தப் புரதத்தின் எடை. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பது ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எவ்வளவு செயல்பாடு என்ற எண். தேவையற்ற புரதம் விலக விலக அந்த எண் உயரும். இனி எந்த முறையைக் கையாண்டாலும் உயராது என்ற நிலை வந்தால், தூய்மையை நெருங்கிவிட்டதாகப் பொருள்.

ஈ. கோலை இந்த விஷயத்தில் மிகவும் தாராளமான பாக்டீரியா. முழுமையாகத் தூண்டப்பட்ட உயிரணுவில் இந்த ஒரு நொதி மட்டுமே மொத்தப் புரதத்தில் சில சதவீதத்தை எட்டும். நூற்றுக்கு நான்கு பங்கு என்று வைத்துக்கொண்டால், 25 மடங்கு செறிவூட்டினாலே தூய நொதி கிடைத்துவிடும். பல ஆயிரம் மடங்கு செறிவூட்ட வேண்டிய நொதிகளோடு மல்லுக்கட்டிய வேதியியலாளர்களுக்குக் கிட்டாத வசதி இது.

நொதியின் பிரம்மாண்டமும் உதவியது. ஒவ்வொன்றிலும் 1,023 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு ஒரே மாதிரிச் சங்கிலிகள் சேர்ந்தது ஒரு மூலக்கூறு. அதன் எடை ஏறத்தாழ 4,65,000 டால்டன், அதாவது ஹீமோகுளோபினைப்போல் ஏழு மடங்கு. இந்த விவரங்கள் பின்னாளில்தான் தெரியவந்தன. ஆனால் இவ்வளவு பெரிய மூலக்கூறு மற்றவற்றிலிருந்து விலகித் தனித்து நிற்பதை அன்றைய ஆய்வாளர்களும் சுழற்சி எந்திரங்களில் கண்டார்கள்.

1951-இல் கோனும் மோனோவும் தூய்மைப்படுத்தும் முறையையும் நொதியின் பண்புகளையும் வெளியிட்டார்கள். சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் அதன் வேகத்தை மாற்றுவதையும் பதிவுசெய்தார்கள். 1953-இல் விஸ்கான்சினிலிருந்து ஸ்டீபன் கியூபியும் ஹென்றி லார்டியும் ஈ. கோலையின் கே-12 என்ற திரிபின் நொதியைத் தூய்மைப்படுத்தி, அதன் வினைவேகத்தை விரிவாக அளந்து காட்டினார்கள். விளக்கம் தேடி அலைந்த ஒரு நிகழ்வு, கையில் எடுத்து எடைபோடக்கூடிய ஒரு பொருளாகிவிட்டது.

*

எதிர்ப்பொருள் கிளப்பிய ஐயம்

தூய நொதி கிடைத்ததும் கோன் செய்த முதல் வேலைகளில் ஒன்று, அதை முயல்களுக்குள் செலுத்தியது. முயலின் ரத்தத்தில் அந்த நொதிக்கே உரிய எதிர்ப்பொருள் உருவானது. இனி எந்தச் சாற்றிலும் நொதி இருந்தால், எதிர்ப்பொருள் அதைத் தேடிப் பிடித்து வீழ்படிவாக்கும். நொதி செயலற்றுக் கிடந்தாலும் பிடிக்கும். ஓஎன்பிஜியால் இதைச் செய்ய முடியாது.

கோனும் அன்னமரியா டோரியானியும் இந்த எதிர்ப்பொருளை, லாக்டோஸையே கண்டிராத பாக்டீரியாக்களின் சாற்றில் இட்டார்கள். அங்கே எதுவும் பிடிபடக் கூடாது. ஆனால் பிடிபட்டது. சர்க்கரையை வெட்டும் திறன் இல்லாத, ஆனால் நொதியைப் போலவே எதிர்ப்பொருளோடு சேரும் ஒரு புரதம் அங்கே இருந்தது. அதற்கு ‘பி-இசட்’ என்று பெயரிட்டார்கள்.

1952-இல் இந்தச் செய்தி வெளியானபோது, யுட்கின் சொன்ன முன்னோடி இதுதானோ என்ற கேள்வி எழுந்தது. கையில் தூய நொதி இருந்தும் விவாதம் தீரவில்லை, முன்னைவிடக் கூர்மையானது.

ஆனால் எதிர்ப்பொருள் காட்டுவது இரண்டு புரதங்களுக்கிடையே உள்ள வடிவ ஒற்றுமையை மட்டுமே. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று அது சொல்லாது. பிறப்பை நிறுவ வேறு சோதனைகள் வேண்டும்.

*

வெட்டப்படாத தூண்டி

அச்சுக் கொள்கையைச் சோதிக்க மோனோ, ழெர்மேன் கோஹன்-பசீர், கோன் மூவரும் வேறொரு வழியில் இறங்கினார்கள். லாக்டோஸைப் போன்ற பல சேர்மங்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். இதை நொதி வெட்டுகிறதா? இது நொதியை உண்டாக்கத் தூண்டுகிறதா?

அச்சுக் கொள்கை சரியென்றால் இரண்டு விடைகளும் சேர்ந்தே வர வேண்டும். நொதியோடு நன்றாகப் பொருந்தும் பொருளே நல்ல அச்சாகவும் இருக்க வேண்டும்.

1951-இல் வெளியான முடிவுகள் அப்படி இல்லை. ஃபீனைல் காலக்டோசைடை நொதி நன்றாக வெட்டியது. ஆனால் அது நொதியைத் தூண்டவில்லை. மெலிபயோஸ் என்ற சர்க்கரையை இந்த நொதியால் வெட்டவே முடியாது. ஆனால் அது தூண்டியது. பின்னர், ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம் அமைந்த தயோகாலக்டோசைடுகள் முக்கியக் கருவியாயின. அவற்றில் சில நொதிக்கு அசைந்தே கொடுக்காதவை. தூண்டுவதிலோ லாக்டோஸை மிஞ்சியவை.

தூண்டுவது வேறு, வெட்டப்படுவது வேறு என்பது தெளிவாயிற்று. சர்க்கரை தன் வடிவத்தைக் கொண்டு நொதியை வார்க்கிறது என்ற எண்ணம் இங்கே முதல் பெரிய அடியை வாங்கியது.

இந்தக் கண்டுபிடிப்பில் நடைமுறைப் பயனும் இருந்தது. வெட்டப்படாத தூண்டி செலவாவதில்லை, உணவாகவும் மாறுவதில்லை. பாக்டீரியா வேறு உணவில் சீராக வளர்ந்துகொண்டிருக்கும்போதே நொதி உற்பத்தியை மட்டும் தொடங்கிவைக்கலாம். எந்த நொடியில் தொடங்குவது என்பதை ஆய்வாளரே முடிவுசெய்யலாம்.

அதைத்தான் 1952-இல் மோனோவும் ஆல்வின் பாப்பன்ஹைமரும் கோஹன்-பசீரும் செய்தார்கள். தூண்டியைச் சேர்த்த பிறகு உருவான நொதியின் அளவை ஓர் அச்சிலும், அதே நேரத்தில் வளர்ந்த பாக்டீரியாவின் மொத்த அளவை மற்றோர் அச்சிலும் குறித்தார்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன. புதிதாகச் சேரும் உயிர்ப்பொருளில் நொதிக்கு என்று ஒரு நிலையான பங்கு தொடக்கம் முதலே ஒதுக்கப்பட்டதுபோல் இருந்தது. ஏற்கெனவே சேர்த்துவைத்த முன்னோடி உருமாறியிருந்தால் இப்படி ஒரு கோடு கிடைப்பது கடினம்.

1953-இல் கோன், மோனோ, பொல்லாக், ஸ்பீகல்மன், ஸ்டேனியர் ஆகிய ஐவர் ‘நேச்சர்’ இதழில் சேர்ந்து எழுதினார்கள். ‘நொதித் தகவமைவு’ என்ற பெயரை விட்டுவிட்டு ‘நொதித் தூண்டல்’ என்று சொல்வோம் என்றார்கள்.

*

கதிரியக்கக் கந்தகம்

இறுதித் தீர்ப்பு தர ஒரு சோதனை தேவைப்பட்டது. பழைய புரதத்துக்கும் புதிய புரதத்துக்கும் அடையாளம் போட்டுப் பிரிக்க வேண்டும்.

மெத்தியோனின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களில் கந்தகம் உண்டு. ஆகவே பாக்டீரியாவின் புரதங்களில் கந்தகம் கலந்தே இருக்கும். சாதாரணக் கந்தகத்துக்குப் பதில் கதிரியக்கக் கந்தகம்-35 கொடுத்து வளர்த்தால், அப்போது உருவாகும் புரதங்களில் எல்லாம் கதிரியக்கம் பதிந்துவிடும். அதன் அரை ஆயுள் 87 நாட்கள். ஆய்வை நிதானமாகச் செய்யப் போதுமான காலம்.

டேவிட் ஹாக்னெஸ் என்ற இளம் அமெரிக்கர், கோன், மோனோ மூவரும் இந்தச் சோதனையை மேற்கொண்டார்கள்.

முதலில் தூண்டி இல்லாமல், கதிரியக்கக் கந்தகத்தில் பாக்டீரியாக்களைப் பல தலைமுறை வளர்த்தார்கள். பழைய புரதங்கள் அனைத்தும் அடையாளம் பெற்றன. பிறகு பாக்டீரியாக்களைக் கழுவி, சாதாரணக் கந்தகம் உள்ள ஊடகத்துக்கு மாற்றினார்கள். அங்கே தூண்டியைச் சேர்த்தார்கள். நொதி உருவானது. அதைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தி, அதில் கதிரியக்கம் எவ்வளவு என்று எண்ணினார்கள்.

முன்னோடி உருமாறி நொதியாகியிருந்தால், பழைய புரதத்தின் கதிரியக்கம் நொதியில் இருந்தாக வேண்டும். நொதி அடியிலிருந்து புதிதாகக் கட்டப்பட்டிருந்தால், கதிரியக்கம் இருக்கக் கூடாது.

இங்கேதான் தூய்மையின் மதிப்பு வெளிப்பட்டது. தயாரிப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு வேறு புரதம் கலந்திருந்தால், அதன் கதிரியக்கமே நொதியின் கதிரியக்கமாகத் தோன்றிக் குழப்பியிருக்கும். இந்தக் கேள்வி, தூய்மைப்படுத்தத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே விடை தரக்கூடிய கேள்வி.

1955-இல் முடிவு வெளியானது. நொதியிலிருந்த கந்தகத்தில், பழைய புரதங்களிலிருந்து வந்தது ஒரு சதவீதம்கூட இல்லை.

ஓராண்டு முன்னதாக, 1954-இல், இலினாய் பல்கலைக்கழகத்தில் போரிஸ் ரோட்மனும் சால் ஸ்பீகல்மனும் கதிரியக்கக் கார்பன்-14 கொண்டு இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். இரண்டு கண்டங்களில், இரண்டு தனிமங்களைக் கொண்டு நடந்த இரண்டு சோதனைகளும் ஒன்றையே சொல்லின. நொதி பழைய புரதத்தின் மறுவடிவம் அன்று. முழுவதும் புதிய புரதம்.

பாரிஸ் சோதனை இன்னொன்றையும் வெளிக்கொணர்ந்தது. உயிரணுவின் புரதங்கள் ஓயாமல் சிதைந்து மீண்டும் கட்டப்படுகின்றன என்பது ருடால்ஃப் ஷோன்ஹைமர் விலங்குகளில் செய்த ஆய்வுக்குப் பின் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. வளரும் பாக்டீரியாவில் அப்படி நடக்கவில்லை. ஒருமுறை கட்டப்பட்ட புரதம் நிலைத்து நின்றது. ஆகவே நொதியின் அளவு கூடுகிறது என்றால், அதற்கு ஒரே பொருள்தான்: உற்பத்தி வேகம் கூடியிருக்கிறது.

*

தீர்ந்ததும் தீராததும்

1950 முதல் 1955 வரையிலான ஐந்தாண்டுகளில் முன்னோடிக் கொள்கை முடிவுக்கு வந்தது. அதை முடித்துவைத்தவை மூன்று: அளக்க ஒரு மஞ்சள் நிறம், வெட்டப்படாத ஒரு தூண்டி, கலப்படமற்ற ஒரு நொதி. தத்துவ விவாதமாகத் தொடங்கிய ஒன்றை இவை எண்களால் தீர்த்தன. பின்னர் வந்த பெருங்கொள்கைகளுக்குக் கிடைத்த புகழ் இந்தத் தூய்மைப்படுத்தும் பணிக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கொள்கைகள் எழுந்து நின்றது இந்த அடித்தளத்தின் மேல்தான்.

தீராமல் நின்றது அடுத்த கேள்வி. நொதியின் வடிவத்தைச் சர்க்கரை தீர்மானிப்பதில்லை, மரபணு தீர்மானிக்கிறது. அப்படியென்றால் சர்க்கரையின் வேலைதான் என்ன? தூண்டியே இல்லாமல் நொதியை ஓயாமல் உற்பத்தி செய்யும் திரிபுகள் அந்த ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்தன. ஒரே ஒரு மரபணு மாற்றம் அவற்றைக் கட்டுப்பாடற்றவையாக்கியிருந்தது. அந்த மரபணு இயல்பான நிலையில் நொதி உற்பத்தியைத் தூண்டுகிறதா, தடுக்கிறதா?

1957-இல் பெர்க்லியிலிருந்து ஆர்தர் பார்டி பாரிஸ் வந்து, மோனோவோடும் பிரான்சுவா ழாகோப்போடும் சேர்ந்து இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தார். தூண்டுகிறது என்பதே மோனோவின் எதிர்பார்ப்பு. சோதனை யார் பக்கம் பேசியது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)